மாப்பிள்ளைக் காரின் மெற்

காருக்குள் ஏறுகிறவர்கள் கதவைப் பார்ப்பார்கள், சீற்றைப் பார்ப்பார்கள், கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். காலுக்குக் கீழே மட்டும் பார்க்கமாட்டார்கள். நீர்வேலி வாழைக்குலை வியாபாரி சீவரத்தினம் இந்த நம்பிக்கையோடுதான் இத்தனை காலமும் கார் ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய அக்கா குணலட்சுமி திருநெல்வேலிச் சந்தைக்குப் போவதற்கென்று முன் சீற்றில் ஏறி, சேலைக் கரையை ஒதுக்கக் குனிந்தபோது அந்த நம்பிக்கை போயிற்று.

"தம்பி, உது என்ன?"

"எது அக்கா?"

"உந்தக் காலுக்குக் கீழை கிடக்கிறது."

"அது மெற். றபர் மெற்."

"றபரோ? நான் ஆரோ சாம்பலைக் கொட்டிப்போட்டினம் எண்டெல்லோ நினைச்சன்."

காருக்குள் காலடியில் விரிக்கிற அந்த மெற்றுகள் ஒருகாலத்தில் கறுப்பாகத்தான் இருந்தன. ஜப்பானிலிருந்து கார் வந்திறங்கிய நாளில் அவற்றின் கறுப்பைக் கண்டு சீவரத்தினமே அசந்துபோனவர். பிறகு அந்தக் காரிலேயே வாழைக்குலை ஏற்றினார். வெட்டின குலையின் கயர்ப்பால் சொட்டியது. தோட்டத்துச் செம்மண் ஒட்டியது. இரண்டையும் போக்குகிறேன் என்று அவருடைய மனைவி பாலேஸ்வரி சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, உடுப்புக் காயப்போடுவதுபோல் வெயிலில் வேலியின்மேல் போட்டாள். வெயில் தன் வேலையைச் செய்தது. மெற்றுகள் நரைத்துவிட்டன. சீவரத்தினம் தன் தலை நரையைக் கவனித்து மாதாமாதம் டை அடிக்கிற மனிதர். காலடியில் நரைத்ததை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

"என்ரை பிள்ளை பட்டு வேட்டியோடை உதிலையோ கால் வைக்கிறது?" என்றாள் குணலட்சுமி. "சுரேஸ் தன்ரை புதுக்காரைத் தாறன் எண்டு நிக்கிறான். நான்தான் தம்பி கோவிப்பான் எண்டு பேசாமல் இருக்கிறன்."

சுரேஸ் என்பவன் அவளுடைய கணவரின் தம்பி மகன், அவளுக்குப் பெறாமகன். புதிதாகக் கார் வாங்கியிருந்தான். சீற்றுகளுக்குப் போட்டு வந்த பொலித்தீனைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஏறி இருக்கிறவர்கள் அசைந்தால் முறுக்குத் தின்கிற சத்தம் கேட்கும்.

வருகிற ஞாயிறு அக்காவின் மகன் கோபிசங்கருக்கு அளவெட்டியில் கலியாணம். தாய்மாமன் சீவரத்தினம். மாப்பிள்ளைக் கார் அவருடையது என்று வாழைக்குலை வாங்க வருகிற எல்லோரிடமும் சொல்லியாயிற்று. சொன்னதற்கு ஒரு காரணமும் இருந்தது. அக்காவின் மூத்த மகளுடைய கலியாணத்தின்போது அவரிடம் இருந்தது ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம்தான். அதில் சமையல் கிடாரங்களை ஏற்றி இறக்குகிற வேலையைக் கொடுத்தார்கள். அந்தக் கலியாண அல்பத்தில் அவர் ஒரேயொரு படத்தில்தான் இருக்கிறார். அதிலும் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய கிடாரத்தைக் கட்டிப்பிடித்தபடி. அவர் முகத்தில் பாதியைக் கிடாரம் மறைத்திருந்தது. மறையாத பாதிக்குக் கண் மூடியிருந்தது. அக்கா வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் எல்லோருக்கும் அந்த அல்பத்தைக் காட்டுவாள். அந்தப் பக்கம் வரும்போது சீவரத்தினம் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். இந்தமுறை மாப்பிள்ளைக்குக் கார்க் கதவைத் திறந்துவிடுகிற படத்தில் நிற்கவேண்டும், இரண்டு கண்ணும் திறந்தபடி. அவ்வளவுதான் அவருடைய ஆசை.

"வெள்ளிக்கிழமை வந்து பாப்பன்," என்றாள் அக்கா. "கறுப்பாக் கிடந்தால் உன்ரை கார். இல்லையெண்டால் பிறகு என்னோடை முகத்தை நீட்டிக்கொண்டு திரியக்கூடாது."

"புதுசு வாங்கினால் என்ன?" என்று பாலேஸ்வரி கேட்டாள். சீவரத்தினம் கடைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். சிவப்பு இருந்தது, நீலம் இருந்தது. இருந்த கறுப்பு அவருடைய காருக்கு ஒரு சாண் கட்டையாக இருந்தது. அதோடு, புது மெற் போட்டால் பழைய மெற் சரியில்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்; சுரேஸ் அதையும் சொல்லிச் சிரிப்பான்.

முதலில் தேங்காயெண்ணெய் பூசினார். பின்னேரம் மெற்றுகள் புதுமாப்பிள்ளையின் தலைபோல மினுங்கின. காலையில் பார்த்தால் ஊர்ச் செம்மண் தூசி முழுவதும் அவற்றின்மேல் குடியேறியிருந்தது. பின்னால் எறும்புகளும் குடும்பத்தோடு வந்திருந்தன.

"சமைக்கிற எண்ணெயிலை பாதிப் போத்தல்," என்றாள் பாலேஸ்வரி. "மிச்சத்தையும் ஊத்தி, ரெண்டு கடுகும் போட்டுத் தாளியுங்கோவன்."

அடுத்த ஒழுங்கையில் எட்வேர்ட் மாஸ்டர் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தேவாலயத்துக்குப் போகும்போது சப்பாத்தில் வானம் தெரியும் என்பார்கள். அவர்தான் றபருக்குக் கறுப்பேற்றுகிற மருந்து யாழ்ப்பாணம் ரவுனில் கிடைக்கும் என்று சொன்னவர். சீவரத்தினம் வாங்கிவந்த போத்தலைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துச் சொன்னவரும் அவர்தான்.

"முதல்லை சவர்க்காரம் போட்டுக் கழுவி நல்லாக் காயவிடும். பிறகு மெல்லிசாப் பூசும். ஒரு நாள் நிழல்லை காயட்டும். அதுக்குப் பிறகு காய்ஞ்ச துணியாலை துடையும்."

"துடைக்கிறதோ? பூசினதையோ?"

"ஓம் காணும். துணி வெள்ளையா வருமட்டும் துடைக்கவேணும். அதுதான் முக்கியம் எண்டு தடிச்ச எழுத்திலை போட்டிருக்கு."

சீவரத்தினம் தலையாட்டினார். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்துப் பார்த்தார். மாஸ்டர் நல்ல மனுசன்தான், ஆனால் ஒரு தேத்தண்ணிக்குச் சீனி போடுவதென்றாலும் அளந்து போடுகிறவர். மெல்லிசாம்! வாழைக்குலைக்குப் புகை போடும்போது மெல்லிசாகப் போட்டால் பழுக்குமா? குலை பச்சையாகவே கிடந்து வியாபாரியின் மானத்தை வாங்கும். நிறையப் போடவேண்டும், மூடி வைக்கவேண்டும், பேசாமல் இருக்கவேண்டும். உலகத்தில் எல்லாம் அப்படித்தான் பழுக்கும்.

எனவே மெற்றுகளுக்கும் அப்படியே செய்தார். போத்தல் முழுவதையும் பூசினார். காய்வதற்குள் இன்னொருமுறை பார்த்தபோது பின்சீற்று மெற்றின் நடுவில் கொஞ்சம் சாம்பல் தெரிவதுபோல் இருந்தது. எட்வேர்ட் மாஸ்டருடைய சப்பாத்துகள் ஞாபகம் வந்தன. ஒரு ரின் சப்பாத்துப் பொலிஷ் வாங்கி, அதையும் மேலே தேய்த்தார்.

துடைக்கிற வேலையை அவர் செய்யாமல் விட்டார் என்று சொல்லமுடியாது. ஒருமுறை துடைத்தார். துணி கன்னங்கரேலென்று வந்தது. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷமும் வந்தது, பயமும் வந்தது. சந்தோஷம், கறுப்பு இவ்வளவு தரமாக இருக்கிறதே என்று. பயம், இவ்வளவும் துணியோடு போனால் மெற்றில் என்ன மிஞ்சும் என்று. துணியை எறிந்துவிட்டு, மெற்றுகளைக் கவனமாகத் தூக்கிக் காருக்குள் வைத்தார்.

அன்று பின்னேரம் பாலேஸ்வரி ஏதோ எடுக்கக் காருக்குள் ஏறி இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து சத்தம் வந்தது.

"இஞ்சாருங்கோ, என்ரை காலைப் பாருங்கோ. கறுத்துப்போய்க் கிடக்கு."

"அடுப்புக் கரியை மிதிச்சிருப்பாய்."

"எங்கடை வீட்டிலை காஸ் அடுப்பப்பா."

"அப்ப காஸ்காரன்ரை கரியாயிருக்கும்," என்றார் சீவரத்தினம். பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குணலட்சுமி வந்தாள். காருக்குள் ஏறவில்லை, கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள், வெளியே நின்றபடியே. பார்த்தவள் நிமிர நேரம் எடுத்தது.

"எட தம்பி, முகம் தெரியுதடா."

"தெரியும்," என்றார் சீவரத்தினம் அடக்கமாக.

"அப்ப சுரேஸுக்கு நான் சொல்லிவிடுறன், பொம்பிளையளை ஏத்திக்கொண்டு பின்னாலை வரட்டும் எண்டு."

பின்னால் என்ற அந்தச் சொல் சீவரத்தினத்தின் காதில் அன்று முழுவதும் நாதஸ்வரமாக ஒலித்தது. அதற்குப் பிறகு அந்தக் காருக்குள் செருப்போடு யாரும் ஏறக்கூடாது என்று சட்டம் போட்டார். டிக்கியில் வாழைப்பழம் அடுக்குகிற பிளாஸ்ரிக் கூடை ஒன்றைக் கழுவி வைத்தார், கழற்றுகிற செருப்புகளுக்கு. பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசையும் செய்வித்தார். ஐயர் வழமைபோல் காரின் முன்பக்கத்தில் சந்தனம் வைத்தார். மெற்றிலும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லலாமா என்று சீவரத்தினத்தின் வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டார்.

கலியாணத்தன்று வெயில் காலையிலேயே கொளுத்தியது. கோபிசங்கர் பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாலை, காலில் அதற்கென்று வாங்கிய புதுச் செருப்போடு வந்து காருக்குப் பக்கத்தில் நின்றான். வங்கியில் வேலை செய்கிறவன். எதையும் கேட்டுச் செய்கிற பிள்ளை.

"செருப்பைக் கழட்டு மோனை," என்றார் சீவரத்தினம்.

"மாமா, புதுச் செருப்பு. நிலத்திலைகூட இன்னும் படேல்லை."

"படாட்டிலும் செருப்புச் செருப்புத்தானே. அங்கை போய் இறங்கினவுடனை தோழன் உன்ரை காலைக் கழுவத்தானே போறான்? கழுவப்போற காலுக்கு என்னத்துக்குச் செருப்பு?"

கோபிசங்கர் குனிந்து கழற்றிக் கொடுத்தான். செருப்பு பழக்கூடைக்குள் போனது. கார் ஓட்டுகிறவருக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு என்பதால் சீவரத்தினம் சப்பாத்தோடு ஏறினார். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்ற பாலேஸ்வரி, "நான் சுரேஸின்ரை காரிலை வாறன்," என்று சொல்லிவிட்டுப் பொலித்தீன் சீற்றில் போய் இருந்துகொண்டாள்.

அளவெட்டி போய்ச் சேரும் மட்டும் சந்திக்குச் சந்தி சனம் பார்த்தது. சீவரத்தினம் வேகத்தைக் குறைத்துப் பார்க்கவிட்டார்.

"மாமா, ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்கோ. காலெல்லாம் வேர்க்குது."

"கூட்டினபடிதான் மோனை கிடக்கு. உனக்குக் கலியாணப் பயம், அதுதான் வேர்க்குது."

மண்டப வாசலில் அளவெட்டி நாதஸ்வரம் பிளந்துகட்டியது. படப்பிடிப்புக்காரர் கமராவோடு ஓடிவந்தார். சீவரத்தினம் இறங்கி, சால்வையைச் சரிசெய்து, மாப்பிள்ளையின் கதவைத் திறந்து, இரண்டு கண்களையும் நன்றாக விரித்துக்கொண்டு நின்றார். ஆனால் கமரா அவரைப் பார்க்கவில்லை. அது மாப்பிள்ளை இறங்குகிற காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலில் தோழன் காத்திருந்தான். பெண்ணின் தம்பி டிலக்ஷன். பித்தளைத் தாம்பாளமும் செம்பில் தண்ணீரும் தயாராக இருந்தன. அவன் மாப்பிள்ளையின் காலைக் கழுவவேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடவேண்டும். அதற்கப்பால் மணவறை வரைக்கும் நிலபாவாடை விரித்திருந்தார்கள், கொக்குச் சிறகுபோல ஒரு வெள்ளைத் துணி.

கோபிசங்கர் தாம்பாளத்தில் காலை வைத்தான். டிலக்ஷன் தண்ணீரை ஊற்றினான். தாம்பாளம் கறுத்தது.

டிலக்ஷன் செம்பைப் பார்த்தான், தாம்பாளத்தைப் பார்த்தான். பிறகு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"அத்தான், காரிலையோ வந்தனீங்கள், வயலுக்குள்ளாலையோ?"

"ஊத்து, ஊத்து," என்றான் கோபிசங்கர் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஊற்றினான். செம்பு முடிந்தது. இன்னொரு செம்பு வந்தது. கறுப்புக் குறைவதாயில்லை; தண்ணீரைக் கண்ட உற்சாகத்தில் அது கணுக்காலுக்கும் ஏறியது. "தம்பி, ஒருக்காத் தேய்ச்சுக் கழுவும், படத்துக்கு வடிவாயில்லை," என்றார் படப்பிடிப்புக்காரர். தேய்த்த டிலக்ஷனின் இரண்டு கைகளும் கறுத்தன. கறுத்த விரலில் மாப்பிள்ளை மோதிரத்தைப் போட்டான். நல்லநேரம் போகிறது என்று உள்ளேயிருந்து ஐயர் சத்தம் வைத்தார். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை நிலபாவாடையில் காலடி எடுத்து வைத்தான்.

ஒவ்வொரு அடியும் அச்சாக விழுந்தது. குதி, பாதம், விரல்கள் ஐந்து. கிருஷ்ணஜெயந்திக்கு வாசலில் போடுகிற கண்ணன் பாதம் அரிசி மாவில் இருக்கும், இது கரியில். நாதஸ்வரக்காரர் அதைப் பார்த்துவிட்டு மூச்சை விட்டார், ஒரு சுரம் வழுக்கியது. பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின் வரிசையில் யாரோ, "மாப்பிள்ளை கராஜிலையோ வேலை?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது. "இல்லை, வங்கி எண்டுதான் சொன்னவை," என்று பதிலும் கேட்டது.

சீவரத்தினம் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். குனிந்து பின்சீற்று மெற்றைப் பார்த்தார். அந்தக் கறுப்புக்கு நடுவில் இரண்டு பாதங்கள் சாம்பல் நிறத்தில் அழகாகத் தெரிந்தன. கறுப்பு எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்பதற்கு இனிச் சாட்சி தேவையில்லை. அக்கா தன்னை நோக்கி வருவதைக் கண்டார். கிடாரத்தோடு எடுத்த படம் எவ்வளவு மேல் என்று முதன்முறையாக நினைத்தார்.

குணலட்சுமி வந்தாள். அவருடைய கையைப் பிடித்துத் தறதறவென்று சபைக்கு நடுவில் இழுத்துக்கொண்டு போனாள். போய் நின்று, நாலுபேருக்குக் கேட்கச் சொன்னாள்.

"ஏன் எல்லாரும் பாக்கிறியள்? அது மை. எங்கடை பக்கத்திலை தாய்மாமன் உள்ளங்காலிலை மை பூசித்தான் மாப்பிள்ளையை அனுப்பிறது. கண்ணூறு படாமல் இருக்க. பச்சைப் பிள்ளையளுக்கு வைக்கிறேல்லையே, அதுமாதிரி. இவன்தான் பூசினவன், என்ரை தம்பி. கொஞ்சம் பாசம் கூடிப்போச்சு, அள்ளிப் பூசிப்போட்டான்."

சபை நிலபாவாடையை இன்னொருமுறை பார்த்தது. பிறகு பெண் வீட்டுப் பக்கம் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தலையை ஆட்டினார்.

"ஓம் ஓம். முந்தி எங்கடை ஊரிலையும் இருந்தது. இப்ப ஆர் இதெல்லாம் செய்யினம்?"

பக்கத்தில் இருந்தவருக்கும் உடனே ஞாபகம் வந்தது. தன்னுடைய மாமன் பூசியது வேப்பெண்ணெய் விளக்கில் பிடித்த மை என்றார். அதற்கடுத்தவர், வலது காலில் கொஞ்சம் கூடப் பூசவேண்டும் என்று திருத்தினார். ஐயர்கூட மணவறையிலிருந்து, "விசேஷம், விசேஷம்," என்றார். அவருக்கு நேரம்தான் முக்கியம். நிலபாவாடையிலிருந்த பாதங்களை இரண்டு பெண்கள் கைபேசியில் படம் எடுத்தார்கள்.

படப்பிடிப்புக்காரர் ஓடிவந்தார்.

"மாமா, நீங்களே பூசினது? முதலே சொல்லுறேல்லையே! அதை நான் எடுக்கேல்லை. ஒருக்காத் திருப்பிப் பூசுங்கோ, எடுப்பம். மை எங்கை?"

சீவரத்தினம் அக்காவைப் பார்த்தார். அக்காவின் கண் காரைக் காட்டியது. அவர் மெதுவாகக் காருக்குப் போய், தலையை உள்ளே விட்டு, பெருவிரலால் மெற்றில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தார். வாக்குப் போட்டுவிட்டு வருகிறவரைப்போல் விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கினான். சீவரத்தினம் குனிந்து அதை ஏந்தினார்.

"மாமா, கமராவைப் பாருங்கோ. சிரியுங்கோ. கண்ணை நல்லாத் திறவுங்கோ."

திறந்தார். வெளிச்சம் மின்னியது. அவருடைய வாழ்க்கையில் அதைவிட நல்ல படம் எடுபட்டதில்லை. அதில் அவர் நடுவில் இருந்தார், முழு முகத்தோடு. கார்தான் இல்லை.

தாலி கட்டி, சாப்பாடும் முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் நீர்வேலிக்குப் புறப்படும்போது பெண்ணின் தாய் வந்து கேட்டாள். "அண்ணை, குறை நினையாதேங்கோ. பிள்ளையின்ரை காலிலையும் கொஞ்சம் பூசிவிடுவியளோ? எல்லாரும் நல்லதெண்டு சொல்லினம்." சீவரத்தினம் இன்னொருமுறை காருக்குப் போய்வந்தார். இந்தமுறை மெல்லிசாகப் பூசினார்.

பிறகு மாப்பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடத் தன் காரடிக்குப் போனார். குணலட்சுமி குறுக்கே வந்தாள்.

"தம்பி, பிள்ளையள் சுரேஸின்ரை காரிலை வரட்டும்."

"ஏனக்கா? மாப்பிள்ளைக் கார் என்ரையெல்லோ?"

"பொம்பிளையின்ரை கூறைச்சீலை நிலத்திலை முட்டுமடா. மைக்கு நீ, காருக்கு அவன். இனி எங்கடை ஆக்களின்ரை எந்தக் கலியாணத்திலையும் அப்பிடித்தான். சுரேஸின்ரை தங்கச்சிக்கும் ஆவணியிலை செய்யினம். உன்னைக் கட்டாயம் மை பூச வரச்சொல்லிச் சொன்னவை." குரலைத் தாழ்த்தினாள். "நீ உந்த மெற்றுக்குப் பூசினது மிச்சம் கிடக்குத்தானே?"

சுரேஸ் பொலித்தீன் சீற்றில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இருத்திக்கொண்டு, முறுக்குச் சத்தத்தோடு முன்னால் போனான். மண்டப வாசல் வெறிச்சோடியது. சீவரத்தினம் தன் பெருவிரலைச் சால்வையில் தேய்த்துப் பார்த்தார். சால்வை கறுத்ததே தவிர விரல் வெளுக்கவில்லை.

பாலேஸ்வரி ஒரு பெரிய கிடாரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பலகாரம் வந்த கிடாரம், பின்னால் இன்னும் இரண்டு இருந்தன. அவற்றைக் கொண்டுபோய்க் கோயில் மடத்தில் ஒப்படைக்கவேண்டும். ஏற்றிப்போக வேறு வாகனம் நிற்கவில்லை.

பின்கதவைத் திறந்துவிட்டு அவள் நின்றாள். கிடாரத்தின் அடியில் பல கலியாணத்துக் கரி திரண்டிருந்தது. கீழே மெற்றில் இரண்டு சாம்பல் பாதங்கள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "இதுக்கும் ஏதும் கழட்டவேணுமோ, இல்லாட்டி இப்பிடியே ஏத்தலாமோ?"

சீவரத்தினம் கிடாரத்தின் மற்றக் காதைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து அதைத் தூக்கி, அந்தப் பாதங்களின்மேல் சரியாக வைத்தார்கள்.